திருடி என்று சொன்ன கூட்டம்

போடியில் ஓர் ஏலக்காய்க் கிடங்கில் காய்க்குத் தரம் போடுவது என் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா இதே கிடங்கில் மூட்டை சுமந்தவர்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் குரங்கணி எஸ்டேட் மேற்பார்வையாளர் எழுந்தார். மூட்டைகளுக்கு முன்னால் அவர் அனுப்பிய மாதிரிக் காய்க்கு ‘நிறம் வெளுப்பு, இரண்டாம் தரம்’ என்று நான் எழுதியிருந்தேன்.

“நான் அனுப்புனது பச்சைக் காயி. இவ அதை எடுத்துக்கிட்டு வெளுத்ததை வச்சு மாத்திப்புட்டா. மூட்டை தூக்குனவன் மக புத்தி வேற எங்க போகும்? திருடி.”

பத்துப் பேர் இருந்தார்கள். ஒருவர் சிரித்தார்.

“அண்ணே, காயைப் பத்திப் பேசுங்க. எங்கப்பனை எதுக்கு இழுக்குறீங்க?”

பதிலுக்கு மேசையிலிருந்த சல்லடை பறந்து வந்தது. அதன் தகர விளிம்பு என் புருவத்தைக் கிழித்தது. கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. நான் துடைக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த குத்தூசியை எடுத்தேன். மூட்டையைக் குத்திக் காய் எடுக்கும் இரும்பு அது. ஒரு முழம் இருக்கும். அவரை நோக்கி நடந்தேன். அவர் நாற்காலியோடு மல்லாந்து விழுந்தார். அந்த நிமிஷம் குத்தியிருப்பேன். அதை மறைக்க மாட்டேன்.

அவர் தலைமாட்டில், காலையில் வந்து இறங்கிய அவருடைய மூட்டை கிடந்தது. காயே சொல்லட்டும் என்று, அவரை விட்டு அதில் குத்தி உருவினேன். வந்த காய் அத்தனையும் கரும்பச்சை.

மூட்டை பச்சை, மாதிரி வெளுப்பு. அவர் சொன்னதற்கு நானே சாட்சி எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

“பாத்துக்கங்க,” என்றார் தரையிலிருந்தே.

கிடங்கு முதலாளி என்னைப் பார்க்காமல், “நாளையிலருந்து வர வேணாம்த்தா,” என்றார்.

“மாதிரியை யாருகிட்டக் குடுத்து விட்டீங்க?” என்று மேற்பார்வையாளரைக் கேட்டேன்.

“ஜீப்புக்காரன்கிட்ட.”

ஜீப் வாசலில்தான் நின்றது. கூப்பிட்டதும் உள்ளே வந்த ஓட்டுநர் என் முகத்தைப் பார்த்துத் தயங்கினார். மாதிரியை எங்கே வைத்துக் கொண்டுவந்தார் என்று கேட்டேன்.

“லோடோட வச்சா தொலைஞ்சுரும்லக்கா. எப்பவும் முன்கண்ணாடிகிட்டத்தான் வைப்போம். இந்தத் தடவை வண்டி ரிப்பேரு. நாலு நாளு பட்டறை வெயில்ல நின்னுச்சு. மாதிரி பாக்கெட்டும் அங்கனயேதான் கெடந்துச்சு.”

வெயில் பட்டால் காய் வெளுத்துப்போகும் என்று அங்கிருந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“சரி, தெரியாம நடந்துபோச்சு,” என்றார் முதலாளி. “வெரசாப் போயித் தையலைப் போடு.”

“இருங்க. திருடின்னு பத்துப் பேரு கேக்கச் சொன்னாரு. இல்லைன்னும் அதே பத்துப் பேரு கேக்கச் சொல்லட்டும்.”

“மொதல்ல அந்த இரும்பைக் கீழ வையி,” என்றார் மேற்பார்வையாளர்.

“சொல்லுங்கண்ணே.”

“திருடல.”

“சத்தமா.”

சொன்னார். இரும்புக்குப் பயந்துதான் சொன்னார். அது எனக்குப் போதுமாயிருந்தது.

மாதிரி வந்த வழியை விசாரிக்காமல் தரம் எழுதியது என் தப்பு. யாரும் கேட்காமலே அதையும் அதே சத்தத்தில் சொன்னேன். தரச் சீட்டில் இரண்டை அடித்து ஒன்று என்று திருத்திக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.