ஈ வைத்தியம்

சம்பளம் வாங்கிக்கொண்டு நான் ஈ வளர்த்தேன். வீட்டு ஈ அல்ல, மணல் ஈ. கொசுவில் பாதிகூடத் தேறாத பூச்சி. ஆலங்காயத்தில் வாடகைக்கு எடுத்த ஓட்டு வீட்டின் பின்னறையில் அதற்காக வரிசையாக மண் கலயங்கள் வைத்திருந்தோம். உள்ளே ஈரமண்ணும் முயல் புழுக்கையும் இருக்கும். முட்டை புழுவாகி, புழு கூடாகி, ஈ வெளியே வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். கொஞ்சம் காய்ந்தால் சாகும், கொஞ்சம் நனைந்தால் பூசணம் பிடித்துச் சாகும். கடையில் ஈ ஓட்டுகிறவனைப் பார்த்திருக்கிறேன், ஈ வளர்க்கிறவனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று எதிர்வீட்டுத் தோல் வியாபாரி பாய் கிண்டல் செய்வார்.

ஐம்பதுகளின் கடைசி அது. ஜவ்வாது மலையில் காலா அசார் இருக்கிறதா, இருந்தால் இந்த ஈதான் அதைப் பரப்புகிறதா என்று கண்டுபிடிக்க வந்த குழுவில் எனக்குப் பூச்சி பிடிக்கிற உத்தியோகம். அந்த நோய் வந்தால் மாதக்கணக்கில் காய்ச்சல் அடிக்கும், மண்ணீரல் வீங்கி வயிறு உப்பும், உடம்பு கறுத்து உருகிப்போகும். ஊசி போடாவிட்டால் சாவுதான். ஊசி எங்களிடம் இருந்தது.

ஒருநாள் மலையிலிருந்து ஓர் ஆள் தன் மனைவியை முதுகில் சுமந்துகொண்டு இறங்கி வந்தான். இருபது இருபத்திரண்டு வயதுக்காரி. மண்ணீரல் தொப்புள் வரை இறங்கியிருந்தது. நெஞ்செலும்பில் ஊசி குத்தி எடுத்த மஜ்ஜையில் கிருமி தெரிந்தது. எங்கள் குழுவின் பெரிய டாக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இவளைக் கடித்த ஈயின் வயிற்றில் அதே கிருமி வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊசி போட்டால் கிருமி குறைந்துவிடும். அதனால் ஈக்கள் குடித்து முடிக்கும்வரை ஊசி வேண்டாம் என்றார். கலயத்திலிருந்து ஈக்கள் வெளிவர ஒன்பது நாள் ஆயிற்று. கடிக்க வைக்க இன்னும் ஐந்து நாள். அத்தனை நாளும் மருந்து அலமாரியில் இருந்தது. எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஈக்கள் செத்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

அவள் படுத்திருந்த நாட்களில் அவனுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. என்னோடு மாட்டுக் கொட்டாய்களுக்கு வருவான். சுவர் வெடிப்பில் உட்கார்ந்திருக்கும் ஈயை, ரப்பர் குழாயில் வாய் வைத்து உறிஞ்சிக் கண்ணாடிக்குள் இழுக்க வேண்டும். இரண்டே நாளில் என்னைவிட நன்றாகப் பிடித்தான்.

கலயத்து ஈக்கள் தயாரானதும் அவற்றை ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, அதன் வாயில் வலைத்துணி கட்டி, அவளுடைய முன்கையில் கவிழ்த்துப் பிடித்தேன். மேலே கறுப்புத் துணி. அரை மணி நேரம் கை அசையக் கூடாது. கடித்த இடம் சுரீரென்று எரியும். முன்பு வேறு ஊர்களில் நான் பார்த்த நோயாளிகள் கையை உதறிக்கொண்டு எழுந்திருக்கிறார்கள். இவள் அசையவே இல்லை. இரண்டாம் நாள்தான் காரணம் தெரிந்தது.

"அட்டை வுட்றாப்ல தானே சார் இது? கெட்ட ரத்தத்த உறிஞ்சிடும். இன்னும் நாலு ஈ வுடுங்க" என்றாள்.

அவர்கள் ஊரில் வீக்கத்துக்கும் ஆறாத புண்ணுக்கும் அட்டை விட்டு ரத்தத்தை எடுப்பார்களாம். இதுவும் அதுதான் என்று நினைத்துவிட்டாள். நான் மறுக்கவில்லை. மறுத்தால் கையை இழுத்துக்கொள்வாள். டாக்டரிடம் சொன்னபோது, நமக்கு நல்லதுதானே என்று சிரித்தார். அந்த வாரம் பார்த்து அவளுக்குக் காய்ச்சல் தணிந்தது. இந்த நோயில் காய்ச்சல் அப்படித்தான் விட்டு விட்டு அடிக்கும். அதையும் நான் சொல்லவில்லை.

பிறகு ஒரு மாதம், ஒன்றுவிட்டு ஒரு நாள் ஊசி போட்டார்கள். ஒவ்வொரு ஊசிக்கும் வாந்தி எடுத்துத் துவண்டு போவாள். அவளைப் பொறுத்தவரை ஈ குணப்படுத்தியது, ஊசி பாடாய்ப் படுத்தியது. ஊருக்குக் கிளம்பும்போது டாக்டரை விட்டுவிட்டு என்னைக் கும்பிட்டாள். கூசிப்போனேன் என்று எழுத ஆசைதான். கலயங்களுக்குத் தண்ணீர் தெளிக்க நேரமாகிறதே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் சாமை அறுப்பு முடிந்த பிறகு இருவரும் மறுபடி வந்தார்கள். அவள் நன்றாகத் தேறியிருந்தாள். இப்போது அவன் தூக்கி வந்தது, போன தடவை ஊரில் விட்டு வந்திருந்த தங்கள் மூன்று வயதுப் பெண் குழந்தையை. வயிறு உப்பி, ஈறில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. இரண்டு முன்கைகளிலும் சிவந்த தடிப்புகள், வட்டம் வட்டமாக, குழாய் வாயளவுக்கு. யாரும் சொல்வதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று டாக்டர் கேட்டார். ஐந்து மாதம் என்றார்கள். ஏன் அப்போதே கொண்டுவரவில்லை என்று அவர் கத்தினார். அவள் என்னைப் பார்த்துப் பதில் சொன்னாள்.

"நீங்க செஞ்சாப்லியே தான் செஞ்சோம் சார். இவரு மூங்கி கொழாயில ஈ புடிச்சாருவாரு. நான் துணி போட்டு மூடிப் புடிச்சிக்குவேன். ஒரு நாளு கூட வுடல."

குழந்தைக்கு அன்றே ஊசி போட்டார்கள். யாரும் எதற்கும் காத்திருக்கச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் செத்துப்போயிற்று.

கிளம்புவதற்கு முன் அவள் பின்னறை வாசலில் வந்து நின்று கலயங்களைப் பார்த்தாள். அழுது ஓய்ந்திருந்தாள். துணியில் சுற்றிய குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் அவள் பக்கத்தில் நின்றான்.

"கொட்டாயில புடிச்ச ஈ சேராதுங்களா சார்?" என்று கேட்டாள்.

உன்னைக் காப்பாற்றியது ஊசி, ஈயை எங்களுக்காகத்தான் விட்டோம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பிள்ளையை நாமே சாகவிட்டோம் என்று அவள் இடிந்துபோவாளே என்றுதான் சொல்லவில்லை என்று பல வருஷம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம். அவள் முகத்தைப் பார்க்கப் பயம்.

"சேராதும்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியா? நீ புடிச்சாந்த ஈ தான்."

அவன் தோளில் கிடந்த குழந்தையை அவள் கையில் கொடுத்தான். அவள் முன்னால் நடக்க, மலைப்பாதை திரும்பும்வரை பத்தடி பின்னாலேயே போனான். நான் வாசலில் நின்று பார்த்தேன். கூப்பிட்டிருந்தால் கேட்கிற தூரம்தான்.