பஜ்ஜிக் கடைக்கு மூன்று ராணிகள்

தி. நகரில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. அதே கவுன்ட்டரில் என்னோடு நிற்பவள்தான் இந்த ஊரில் எனக்கு ரொம்ப நெருக்கம். வீட்டில் உருது பேசுவாள், கடையில் தமிழ் பேசுவாள், கோபம் வந்தால் இரண்டையும் கலந்து பேசுவாள். அவள் குடும்பம் ராயப்பேட்டையில் பல காலமாகத் தையல் தொழில் செய்கிற குடும்பம். ஒரு நாள் மதியம், நான் சாப்பாட்டு டப்பாவை மூடுவதற்குள் என் போனைப் பிடுங்கி ஓர் ஆப்பை ஏற்றிவிட்டாள்.

"என்னடி இது?"

"விளையாட்டு. எங்க போனாலும் 'வந்துட்டேன்'னு ஒரு அமுக்கு அமுக்கணும். ஒரு இடத்துக்கு அந்த மாசம் யார் அதிகமா வர்றாங்களோ அவங்களுக்குக் கிரீடம்."

"கிரீடத்தை வெச்சு என்ன பண்றது?"

"மத்தவங்க வயிறு எரியும். வேற என்ன வேணும் உனக்கு?"

அப்போதுதான் நான் தாம்பரத்தில் அண்ணன் வீட்டை விட்டுவிட்டு அடையாறில் தனியாக ஒரு மாடி அறைக்குக் குடி வந்திருந்தேன். தினமும் ரயிலில் நசுங்கி வர முடியவில்லை என்று வீட்டில் சொல்லியிருந்தேன். தனியாக இருந்து பார்க்க வேண்டும் என்கிற ஆசைதான் உண்மையான காரணம். அதனால் ஊர் முழுக்கக் கொடி நட்டுக்கொண்டே போகிற அந்த விளையாட்டு எனக்கு உடனே பிடித்துப்போனது. பாண்டி பஜார் ஜூஸ் கடைக்கு நான் ராணி. நந்தனம் மெட்ரோ நிலையத்துக்கு அவள் ராணி. முகப்புப் படமாக நான் ஒரு கத்திரிக்காயை வைத்திருந்தேன், அவள் ஒரு பாட்டன் காலத்துத் தையல் மிஷினை வைத்திருந்தாள். ஆப்பில் இல்லாத இடத்தை நாமே சேர்க்கலாம் என்று தெரிந்ததும் என் அறையையும் சேர்த்தேன். 'மாடி அரண்மனை' என்று பெயர் வைத்து, தினமும் வேலை முடிந்து செருப்பைக் கழற்றும்போதே அமுக்குவேன். அங்கே எனக்குப் போட்டியே கிடையாது.

போட்டி வந்தது பெசன்ட் நகர் கடற்கரையில். மணலுக்குள் கொஞ்ச தூரம் போனால் ஒரு மிளகாய் பஜ்ஜிக் கடை. காலை ஷிஃப்ட் முடிந்த நாட்களில் நாங்கள் இரண்டு பேரும் பஸ் பிடித்து நேராக அங்கே போய்விடுவோம். அந்தக் கடையின் கிரீடம் தொடர்ந்து என்னிடமே இருந்தது. திடீரென்று ஒரு சாயங்காலம் போன் சிணுங்கியது. 'உங்கள் கிரீடம் பறிபோனது.' பறித்த ஆளின் முகப்புப் படம் ஒரு மஞ்சள் குடை.

அதிலிருந்து மஞ்சள் குடைக்கும் கத்திரிக்காய்க்கும் யுத்தம். நான் இரண்டு நாள் போனால் அது மூன்று நாள் போகும். வயிறு சரியில்லாத நாளில் கூட நான் போய், பஜ்ஜி வாங்காமல், அமுக்கிவிட்டு மட்டும் திரும்பியிருக்கிறேன். ஒரு நாள் நல்ல மழை. கடையைத் தார்ப்பாயால் மூடிக் கட்டியிருந்தார்கள். சொட்டச் சொட்ட நனைந்து அங்கே போய் நின்று போனைத் திறந்தால், எனக்குச் சற்று முன்னால்தான் மஞ்சள் குடை வந்துவிட்டுப் போயிருந்தது. எரிச்சலைவிட எனக்குச் சிரிப்புதான் அதிகமாக வந்தது. இந்த ஊரில் என்னைப் போலவே இன்னொரு பைத்தியமும் இருக்கிறது என்பதில் ஒரு நிம்மதி.

கடையில் கூட்டமே இல்லாத ஒரு மதியம் அவள்தான் ஆரம்பித்தாள்.

"அந்தக் குடை யாருன்னு கண்டுபிடிப்போமா?"

"முகமே போடலியே, எப்படிக் கண்டுபிடிப்ப?"

"இரு, பார்ப்போம்."

மஞ்சள் குடை எங்கெல்லாம் போய் அமுக்கியிருக்கிறது என்பது யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்து கிடந்தது. காலையில் கொட்டிவாக்கத்தில் ஒரு பால் கடை, பெரும்பாலும் அதே நேரத்தில். பிறகு அடையாறில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம், சாயங்காலம் வரை அங்கேதான். செவ்வாயும் வியாழனும் ஒரு நீச்சல் குளம். அந்தக் குளத்தின் படத்தில் ஒரு குட்டிப் பெண்ணின் முதுகும் ஈரச் சடையும். இன்னொரு படத்தில் பால்கனி, அதில் பூத்த செம்பருத்தி, பின்னால் தெருப் பெயர்ப் பலகையின் பாதி. மற்றொன்றில் பச்சை ஸ்கூட்டர், நம்பர் பிளேட்டோடு. தோழி ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி, "அம்மா... பொண்ணு ஒண்ணு... லேப் வேலை... இதோ தெரு..." என்று துப்பறிகிற குரலில் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

தெருவையும் தெரிந்துகொண்ட பிறகு அவள் குரல் இறங்கிப்போனது.

"ஏய். இப்பவே போய் அந்தக் குழந்தைகிட்ட, 'அம்மா லேப்ல இருக்காங்க, என்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க'ன்னு சொன்னா நம்பிடும்டி."

நான் கைதட்டுவதை நிறுத்தினேன். நாங்கள் நல்லவர்கள், சும்மா விளையாடினோம். ஆனால் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் யாருக்கு வேண்டுமானாலும் தெரியும்.

"உன்னோடதைக் காட்டு," என்றாள்.

"என்னோடதுல என்ன இருக்கு? வெறும் கத்திரிக்காய்தானே."

அவள் தன் போனில் ஒரு புதுக் கணக்கைத் திறந்து, என்னைத் தெரியாத ஆள் மாதிரி என் பக்கத்துக்குப் போனாள். 'மாடி அரண்மனை'யைத் தொட்டதும் வரைபடம் விரிந்து என் வீட்டுக் கூரை மேல் போய் நின்றது. அடுத்து நான் பெருமையாகப் போட்டிருந்த படம்: பக்கவாட்டு இரும்புப் படிக்கட்டு, கடைசியில் என் கதவு, கதவில் சின்னப் பூட்டு. அதற்கு அடுத்து என் வாசகம். 'ராணி ஊரில் இல்லை. அரண்மனை வெறிச்சோடிக் கிடக்கிறது. ஞாயிறு வரை தாம்பரம்.'

முகத்தை மறைத்துவிட்டால் எல்லாம் மறைந்துவிடும் என்று மஞ்சள் குடையும் நினைத்திருக்கிறது, நானும் நினைத்திருக்கிறேன். அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது அந்த இரும்புப் படிக்கட்டில் ஏறப் பிடிக்கவில்லை. கீழே வீட்டுக்காரர்கள் டி.வி. பார்க்கிற சத்தம் கேட்கும்வரை கேட்டிலேயே நின்றேன்.

மறுநாள் காலை, "நான் அந்த ஆப்பைத் தூக்கிடப் போறேன்," என்றேன்.

"தூக்கு. உன் பிரச்சினை முடிஞ்சிடும். அந்தம்மாவுக்கு யார் சொல்றது?"

அது நியாயமாகப் பட்டது. ஆனால் எப்படிச் சொல்வது? ஆப்பிலேயே செய்தி அனுப்பலாம். 'உங்கள் தெரு எனக்குத் தெரியும், உங்கள் மகள் நீந்தப் போகிற நாள் தெரியும்' என்று முன்பின் தெரியாத ஒரு கத்திரிக்காய் எழுதினால் அந்தம்மா போலீசுக்குத்தான் போவார். நேரில் சொல்வதென்று முடிவு செய்தோம். பஜ்ஜிக் கடைக்கு எப்படியும் வந்துதானே ஆக வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்க் காத்திருந்தோம். கடற்கரையை ஒட்டிய வேளாங்கண்ணி மாதா கோயில் பக்கத்திலிருந்து கூட்டம் மணலை நோக்கி வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் நாற்பதைத் தாண்டிய ஓர் அம்மாள் கையில் ஹெல்மெட்டோடு வந்தார். முன்தலையில் நரை, தோளில் பெரிய பை, பக்கத்தில் சடை போட்ட பெண். வந்து நின்றதும் போனை எடுத்துச் சட்டென்று ஓர் அமுக்கு. எனக்குச் சந்தேகமே இல்லை. எப்படி ஆரம்பிப்பதென்று முந்தின நாளெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். அதெல்லாம் போய், நேராக அவர் முகத்துக்கு முன்னால் நின்று, "மஞ்சள் குடை நீங்கதானே?" என்றேன்.

அவர் ஓரடி பின்னால் போனார். மகளின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"யாரு நீங்க?"

தோழிதான் குறுக்கே வந்து காப்பாற்றினாள். "அக்கா, பயப்படாதீங்க. இவதான் அந்தக் கத்திரிக்காய்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து, "அடிப்பாவி, நீயா! தி. நகர் கண்ணாடிக் கடை! அடையாறுல மாடி வீடு, பக்கவாட்டுப் படிக்கட்டு! போன வாரம் கூட நீ தாம்பரம் போ..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

"ஐயையோ," என்றார் மெதுவாக. "நான் உன்னைப் பத்தி என்னென்ன தெரிஞ்சு வெச்சிருக்கேன் பாரு."

"நாங்க உங்களைப் பத்தித் தெரிஞ்சு வெச்சிருக்கறதைச் சொன்னா நீங்க பஜ்ஜி சாப்பிட மாட்டீங்க," என்றாள் தோழி.

சொன்னோம். நீச்சல் குளம் வரை வந்தபோது அவர் கண் மகள் மேலேயே இருந்தது. அவள் அலைக்குப் பக்கத்தில் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். அவர் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "சரி, எப்படி மாத்தறதுன்னு காட்டுங்க," என்று மணலில் உட்கார்ந்துவிட்டார்.

மூன்று பேரும் போனை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். முதலில் என் அரண்மனையை அழித்தேன். மனசு கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. அவர் பால் கடையையும் நீச்சல் குளத்தையும் ஸ்கூட்டர் படத்தையும் எடுத்தார். பால்கனிப் படத்தில் செம்பருத்தி அழகாக இருக்கிறது என்று தயங்கினார். பலகை தெரிகிற பக்கத்தைத் தோழி வெட்டிக் கொடுத்ததும் அதை மட்டும் வைத்துக்கொண்டார். எங்கே இருக்கிறோம் என்பதை ஆப் எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்க அனுமதி கொடுத்திருந்தோம். திறந்து வைத்திருக்கும்போது மட்டும் பார்த்தால் போதும் என்று அதையும் மாற்றினோம். நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி பக்கத்தைப் பூட்டுகிற இடம் வந்தபோதுதான் சண்டை.

"பூட்டிட்டா கிரீடம் யாருக்குத் தெரியும்? ஜெயிச்சா நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?" என்றார் அக்கா. அதற்குள் அவர் எங்களுக்கு அக்கா ஆகியிருந்தார்.

"நாங்க ரெண்டு பேர் பார்த்து வயிறெரியறோமே, பத்தாதா?" என்றேன்.

"அது சரி. ஆனா இங்க வந்து அமுக்கினா, நான் இங்க இருக்கேன்னு உங்களுக்கும் தெரியுதே?"

தோழி கொஞ்சம் யோசித்தாள். "வந்ததும் அமுக்காதீங்க. கெளம்பி வீட்டுக்குப் போனப்புறம், போயிட்டு வந்தேன்னு போடுங்க. இருக்கற இடத்தைச் சொல்ல வேணாம், இருந்த இடத்தைச் சொன்னா போதும்."

எங்கள் ஆப்பில் அப்படிப் பின்னால் போட வழி இருந்தது. அதையே சட்டமாக்கினோம். குழந்தை போகிற இடம் எதையும் எப்போதும் போடுவதில்லை என்பதை அக்காவே சேர்த்தார்.

பஜ்ஜி போடுகிறவருக்கு நாங்கள் பேசுவதில் பாதிதான் காதில் விழுந்திருக்கிறது. கரண்டியை எண்ணெயில் வைத்தபடியே கேட்டார். "இன்னாம்மா அது, ராணி ராணின்றீங்க?"

நான் விளக்கினேன். அவர் எங்கள் மூன்று பேரையும் பார்த்தார்.

"என் கடைக்கு நீங்க ராணியா? அப்ப நான் யாரு?"

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் அக்காவின் பெண் குழியை விட்டுவிட்டு எங்களிடம் ஓடி வந்தாள்.

யுத்தம் நிற்கவில்லை. முன்பைவிட ருசியாகத்தான் ஆனது. யார் எப்போது கடைக்குப் போகிறார்கள் என்று இப்போது ஒருவருக்கும் தெரியாது. காலையில் எழுந்து பார்த்தால் நேற்றுச் சாயங்காலம் கிரீடம் கைமாறியிருக்கும். சில நாள் யாருமே இருக்க மாட்டார்கள் என்று நினைத்துப் போவேன், அக்கா மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்து எனக்கும் சேர்த்து ஒரு தட்டு வாங்கி வைத்திருப்பார். "தோணிச்சு, வருவேன்னு," என்பார். என் பூட்டைப் பார்த்து முகம் சுளித்து, நல்ல கனமான பூட்டு ஒன்றை அவரே வாங்கிக் கொடுத்தார். தோழியின் பெரியப்பா அக்காவின் பெண்ணுக்குப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்தார். முகம் தெரியாமல் மாதக்கணக்கில் மோதிக்கொண்டவர்கள் இப்படி ஆனோம்.

ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் நேரடியாக இருப்பிடம் காட்டுகிறோம். யாராவது தனியாகத் திரும்பும்போது. அதுவும் ஆப்பில் இல்லை, எங்கள் மூன்று பேருக்குள் மட்டும், வீடு போய்ச் சேரும்வரைதான். போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் தோழி கொட்டிவாக்கத்தில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு ஆட்டோவில் திரும்பினாள். நானும் அக்காவும் அவரவர் வீட்டில் இருந்தபடி போனில் அவள் இருக்கும் இடத்தைக் காட்டுகிற நீலப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திருவான்மியூர் சிக்னலில் நின்றது, நகர்ந்தது. அடையாறு பாலத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் அசையவில்லை.

'என்னடி ஆச்சு?' என்று எழுதினேன்.

'தண்ணி நிக்குது. ஆட்டோக்காரர் எறங்கிப் பாக்கறாரு. எனக்குப் பசிக்குது.'

'நான் கட்டிக் குடுத்த சேமியாவைச் சாப்பிடு,' என்று அக்கா எழுதினார்.

'அதைத் திருவான்மியூர்லயே முடிச்சிட்டேன்.'

புள்ளி பாலத்தில் ஏறியது. மந்தைவெளி வந்தது, மயிலாப்பூர் குளத்தைச் சுற்றிக்கொண்டு போனது, ராயப்பேட்டைக்குள் நுழைந்து சின்னச் சின்னச் சந்துகளில் திரும்பியது. அவள் வீட்டு வாசலில் போய் நிற்கும்வரை நான் அடுப்புப் பக்கம் கூடப் போகவில்லை.

'வந்துட்டேன். அணைச்சிடறேன்,' என்று எழுதினாள். புள்ளி மறைந்தது. அக்கா ஒரு கும்பிடு எமோஜி போட்டார். நான் போனைக் கீழே வைத்துவிட்டு, தோசைக்குக் கல்லைப் போட்டேன்.