நான்கு பெருமாளும் ஒரு கொள்ளுத்தாத்தாவும்

ஒவ்வோர் ஆடி அமாவாசையும் அப்பாவுக்கு ஓர் அவமானத்தோடுதான் வரும். எள்ளும் தண்ணீரும் விடும்போது ஐயர் அப்பா பேர், தாத்தா பேர் என்று கேட்டுக்கொண்டே போவார். தாத்தா பேர் வந்ததும் அப்பா திருதிருவென்று விழிப்பார். "தெரியலன்னா பரவால்ல சார், பெருமாள் பேரச் சொல்லிக்குங்க" என்பார் ஐயர். சிட்லபாக்கம் வீட்டுக்கு வந்து சேரும்வரை அப்பா புலம்புவார்: "யாரோ ஒருத்தருக்குத் தண்ணி ஊத்திட்டு வரேன்." எண்பதைத் தாண்டியவர் இப்படிச் சொன்னால் எனக்கு மனசு கேட்காது.

அப்பா கைக்குழந்தையாக இருந்தபோதே அவருடைய அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்தத் தாத்தாவை நாங்களே தேடினோம். என் தம்பி ஏதோ வம்சாவளி இணையதளத்தில் சேர்ந்து, எங்களுக்கு ஸ்காட்லாந்தில் சொந்தம் இருப்பதாகக் கண்டுபிடித்தான். நான் நடையாய் நடந்து பழைய நிலப் பதிவேட்டின் நகல் வாங்கினேன். திருநீர்மலை அடிவாரத்தில் ஒரு துண்டு நிலம், கூட்டாக நான்கு அண்ணன் தம்பிகள். அங்கே பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் நான்கு கோலத்தில் இருக்கிறார் அல்லவா, பிள்ளைகளுக்கு வரிசையாக அந்த நான்கு பேரையும் வைத்துவிட்டார்கள். அதில் எங்கள் ஆள் யார் என்று தாளில் இல்லை.

அது தெரிந்தவர் தாம்பரத்தில் இருக்கும் பெரியம்மா, அப்பாவின் அண்ணி, ஒருவர்தான். அவருடைய மாமியார் அவரைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் ஒரு சந்நிதி முன்னால் நிறுத்தி, "என் மாமனாருக்கு இவர் பேருதான்" என்றாராம். ஆண்பிள்ளைகள் கேட்கவில்லை, அவரும் காட்டவில்லை. அப்பாவையும் அழைத்துக்கொண்டு போனோம்.

"எந்தச் சந்நிதி பெரியம்மா?"

"நல்லா கேட்ட போ. மாமனாரோட அப்பா பேரு, நான் சொல்லலாமா?"

"சொல்ல வேணாம். நிக்கிறவரா, படுத்திருக்கிறவரா, நடிச்சுக் காட்டுங்க," என்றான் தம்பி.

"பெரியவங்கள நடிச்சுக் காட்றதா? இன்னாடா பேச்சு இது."

முகத்தைத் திருப்பிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார். தம்பி "உட்கார்ந்தவர்" என்று குறித்துக்கொண்டான். வாக்கரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் போனார். "நடந்தவர்" என்று திருத்தினான். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்று இவனைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

பெரியம்மா திரும்பி வந்து உட்கார்ந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. நகலை எடுத்து நான்கு பெயரையும் ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தேன். முதல் இரண்டுக்கு அவர் அசையவில்லை. மூன்றாவது, கிடந்த கோலத்துப் பெருமாள் பெயர். பெரியம்மா வாக்கரைத் தேடாமல், சோபாவின் கையை ஊன்றி எழுந்து, முந்தானையால் தோளை மூடிக்கொண்டு நின்றார்.

"நிக்கிறவர்," என்று தம்பி எழுதப் போனான். பேனாவைப் பிடுங்கினேன். மாமனார் உள்ளே வந்தால் மருமகள் எழுந்து நிற்பதை இவன் எங்கே பார்த்தான்.

அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. தாத்தாவின் பெயரை வாய்விட்டுச் சொன்னார். திரும்பவும் சொன்னார். கண் கலங்க, சின்னப் பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தார்.

பெரியம்மா மட்டும் உட்காரவே இல்லை.

"போதும்பா," என்றார் கடைசியில். "நீ நிறுத்துனாத்தானே நான் உக்கார முடியும். முட்டி வலிக்குது."