நல்லரத்தினம் மறுபடியும் பாரம் எடுத்த கதை

நல்லரத்தினத்துக்கு வீடு கல்லடியில், வேலை பாலத்துக்கு அப்பால் நகரத்து ஆஸ்பத்திரியில். சிற்றூழியர். கட்டையான ஆள், ஆனால் வாசலில் நின்றால் வெளிச்சம் மறையும் அகலம். வேலை முடிந்ததும் கடற்கரைப் பக்கம் வினாயகமூர்த்தியின் வளவுக்குள் இருந்த தகரக் கொட்டிலுக்குப் போய்விடுவார். அங்கேதான் அந்தப் பகுதி இளந்தாரிகள் பாரம் தூக்கிப் பழகினார்கள். தோளில் இரும்புப் பார் வைத்துக் குந்தி எழும்புவது, படுத்தபடி நெஞ்சுக்கு மேலே தள்ளுவது, நிலத்தில் கிடப்பதை இடுப்பு நிமிரத் தூக்கி நிறுத்துவது என்று வலுதூக்கலில் மூன்று வகை. மூன்றாவதுதான் அவருடையது. இருநூறு கிலோவைத் தரையிலிருந்து எடுத்தவர் அந்தக் கொட்டிலில் அவர் ஒருவர்தான்.

தொண்ணூற்றோராம் ஆண்டு மாசி மாதம், களுவாஞ்சிக்குடிப் பக்கத்து வயல் வட்டையில் நெற்கதிரைச் சூடு மிதித்துக்கொண்டிருந்த சனத்தின் நடுவே பீரங்கிச் செல் விழுந்தது. காயப்பட்டவர்களை உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அன்று ஆஸ்பத்திரியில் மின்சாரம் இல்லை. சத்திரசிகிச்சைக் கூடம் மேல்மாடியில். ஸ்ட்ரெச்சர் ஒவ்வொன்றையும் படியால்தான் ஏற்ற வேண்டும்.

பின்னேரமாகும்போது நல்லரத்தினத்துக்குக் கை மரத்திருந்தது. அந்த நேரத்தில் ஏற்றிய ஒரு பெண்ணுக்கு இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே சிதைந்திருந்தன. நினைவு தப்பவில்லை. மேல்படிக்குக் கிட்டப் போனபோது முன்னால் பிடித்திருந்தவரின் கால் ஈரத்தில் வழுக்கியது. பிடி விட்டுப்போய், பாரம் முழுவதும் ஒருபக்கமாகச் சரிந்து நல்லரத்தினத்தின் மேல் வந்தது. அவர் விடவில்லை. உடம்பை முறுக்கிச் சுவரோடு சாய்ந்து தாங்கிக்கொண்டார். இடுப்புக்குள் என்னவோ அறுந்ததுபோல இருந்தது. இடது காலில் நெருப்பு இறங்கியது. அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு அவரால் நிமிர முடியவில்லை.

பல மாதம் பாயில் கிடந்தார். எழும்பி நடக்கத் தொடங்கியபோது டொக்டர், "இனிப் பாரம் தூக்கிற எண்ணத்த விட்டிருங்க" என்றார். ஆஸ்பத்திரியில் அவரை வாசலில் ஒரு கதிரையில் இருத்தினார்கள். வருகிறவர்களை விசாரித்து உள்ளே விடும் வேலை. ஸ்ட்ரெச்சர்கள் அவரைக் கடந்து போயின. வலி கூடிய நாட்களில் ஒரு நினைவு வரும்: அந்தப் பிடியை விட்டிருந்தால்? வந்த கையோடு தன்மேலேயே அருவருப்பும் வரும். மனைவி புஸ்பத்திடம்கூட அவர் அதைச் சொன்னதில்லை.

இரண்டு வருடம் கழித்து அந்தப் பெண் மறுபடியும் வந்தாள். பெயர் சீதேவிப்பிள்ளை. வெட்டி எடுத்த கால்களின் எஞ்சிய பகுதியில் இன்னொரு சத்திரசிகிச்சை செய்தால்தான் செயற்கைக் கால் பொருத்தலாம் என்றார்கள். அவள் வந்திருப்பது தெரிந்தும் நல்லரத்தினம் அந்த வாட்டுப் பக்கம் போகவில்லை. கடைசியில் அவளே ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள்.

அவர் போனபோது, கட்டிலின் தலைமாட்டில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துத் தன் உடம்பை மேலே இழுப்பதும் இறக்குவதுமாக இருந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"அண்டைக்கி என்னைத் தூக்கினது நீங்கதானே, அண்ணன்?"

"ஓம்."

"மறுகா ஏன் வாசல்ல இரிக்கிறீங்க? இஞ்ச தூக்கிற ஆக்கள் என்னைப் போட்டிருவாங்களோ எண்டு பயமாக் கிடக்கு."

"இடுப்புப் போச்சு, தங்கச்சி."

"எப்ப?"

நல்லரத்தினம் யன்னல் பக்கம் பார்த்தார். அவள் கயிற்றை விட்டாள்.

"அந்தப் படியிலயா? என்னத் தூக்கக்குள்ளயா?"

அவர் கை தானாக இடுப்புக்குப் போனது. அவளுக்கு அதுவே போதுமாயிருந்தது. கயிற்றை மறுபடி பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அப்ப ரெண்டு பேரும் ஒரே படியிலதான் விழுந்திரிக்கம். நான் எழும்பப் பாக்கிறன். நீங்க?"

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அவர் கொட்டிலுக்குத் திரும்பினார். வினாயகமூர்த்தி மட்டும் இருந்தார். முன்பு பழகியவர்களில் சிலர் வெளிநாடு போயிருந்தார்கள். சிலர் இயக்கத்தில் சேர்ந்து காட்டுக்குப் போயிருந்தார்கள். இருவரைப் பற்றி, ஆமி பிடித்துக்கொண்டு போன நாளுக்குப் பிறகு எந்தத் தகவலும் இல்லை. பாரில் துரு ஏறியிருந்தது.

"என்ன வேணும்?" என்றார் வினாயகமூர்த்தி.

"ஒரு விளக்குமாத்துத் தடி."

தடியை முதுகோடு சேர்த்துப் பிடித்து, முதுகு வளையாமல் இடுப்பை மட்டும் மடித்துக் குனியப் பழகினார். அதற்கே கால் நடுங்கியது. கொஞ்ச நாள் அது மட்டும்தான். பிறகு மணல் நிரப்பிய தகரவாளி. பிறகு தட்டு எதுவும் ஏற்றாத வெறும் பார். இருநூறு கிலோ எடுத்தவர் வெறும் பாருக்கு முன்னால் மூச்சுப் பிடித்து நிற்பதைப் பார்க்க வினாயகமூர்த்திக்கே கூச்சமாயிருந்தது. நல்லரத்தினத்துக்கு அந்தக் கூச்சம் வரவில்லை. முந்தி பாரத்தோடு கோபத்தில் மோதினவர் இப்போது இடுப்பு என்ன சொல்கிறது என்று கேட்டுக் கேட்டுத் தூக்கினார். காலில் நெருப்பு திரும்பிய நாட்களில் பாரை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். வலி அடங்கியதும் வந்து, விட்ட இடத்துக்குக் கீழேயிருந்து தொடங்கினார்.

"உங்களுக்கென்ன விசரா?" என்றாள் புஸ்பம். "திரும்பவும் படுத்தா ஆர் பாக்கிற?"

"படுக்காம இரிக்கத்தான் போறன்."

சீதேவிப்பிள்ளை செயற்கைக் கால்களோடு வீடு போன நாளில், வாசலில் வான் வண்டி நின்றது. நல்லரத்தினம் கதிரையை விட்டு எழும்பிப்போய், தூக்கி ஏற்ற அவள் பக்கம் குனிந்தார். அப்போது அவரால் அது முடியும். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"வேணாம் அண்ணன். நான் ஏறிப் பாக்கிறன்."

வான் கதவைப் பிடித்து, கை நரம்பு புடைக்க, இரண்டு தரம் சறுக்கி, மூன்றாந்தரம் ஏறி உட்கார்ந்தாள். அழுகையும் சிரிப்புமாக அவரைப் பார்த்தாள். வான் போன பிறகும் அவர் அங்கேயே நின்றார். அதன் பிறகு அவளை அவர் காணவில்லை.

தொண்ணூற்றைந்தில் அரசுக்கும் இயக்கத்துக்கும் பேச்சுவார்த்தை நடந்து கொஞ்சம் பாதை திறந்தபோது, கண்டியில் ஒரு போட்டி நடக்கிறதென்று வினாயகமூர்த்தி கேள்விப்பட்டார். இருவரும் ஓட்டமாவடி போய்ப் பொலன்னறுவை பஸ் பிடித்தார்கள். சோதனைச் சாவடியில் பையைக் கொட்டி, அகலத் தோல் பட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கையில் பூசும் வெள்ளைத் தூளை முகர்ந்து பார்த்து, கடைசியில் விட்டார்கள்.

மேடையில் பாரின் இரு பக்கமும் தட்டு ஏற்ற நின்றவர்கள் தலைமயிர் ஒட்ட வெட்டிய சிங்கள இளைஞர்கள். படையில் இருப்பவர்கள் என்று யாரோ சொன்னார்கள். குந்தி எழும்பும்போது தவறினால் தாங்கிப் பிடிக்க அவர்கள்தான் பின்னால் நின்றார்கள். எந்த முகாமில் இருந்தவர்களோ என்று நல்லரத்தினம் நினைத்தார். பாரைத் தோளில் வைத்ததும் அந்த நினைவு போயிற்று. முதுகுக்குப் பின்னால் அவர்களுடைய மூச்சு கேட்டது. குந்தினார், எழும்பினார். கடைசியில் நூற்று எழுபது கிலோவை நிலத்திலிருந்து எடுத்து நிமிர்ந்தார். அதற்கு மேல் பாரம் கேட்க அவர் நினைக்கவில்லை. அவர்களில் ஒருவன் முதுகில் தட்டிச் சிங்களத்தில் என்னவோ சொன்னான். நல்லரத்தினம் தலையை ஆட்டினார். பரிசு வரிசையில் அவர் பெயர் இல்லை.

சித்திரையில் சண்டை திரும்பத் தொடங்கியது. காயப்பட்டவர்களை ஏற்றிய உழவு இயந்திரங்களும் வரத் தொடங்கின. ஒருநாள் காலை நல்லரத்தினம் மேற்பார்வையாளரிடம் போய், தன்னைப் பழைய வேலைக்கு விடச் சொன்னார்.

"இடுப்பு?" என்றார் மேற்பார்வையாளர்.

"இப்ப என்னட்டச் சொல்லிப்போட்டுத்தான் நோகும்" என்றார் நல்லரத்தினம்.

மறுபேச்சு நடக்குமுன் வெளியே ஒரு உழவு இயந்திரப் பெட்டி வந்து நின்றது. உள்ளே ஒரு கிழவரும் இரண்டு பிள்ளைகளும். நல்லரத்தினம் இறங்கிப்போய், முதுகை நேராக வைத்து, முழங்காலை மடித்து, மூச்சைப் பிடித்து, கிழவரைக் கிடத்திய ஸ்ட்ரெச்சரின் கால்மாட்டுப் பக்கத்தைத் தூக்கினார்.