கார்த்திகை ஏழில் கத்திரி

பல் துலக்கும்போதே அழகுமலை காலண்டர் தாளைக் கிழித்துவிடுவார். சுருளிப்பட்டியில் மற்ற திராட்சை விவசாயிகள் விடிந்ததும் வானத்தைப் பார்ப்பார்கள்; இவர் சுவரைப் பார்ப்பார்.

“கார்த்திகை ஏழுல கவாத்து வெட்டுனா மாசிக் கடைசியில பழம். எங்கய்யா வச்ச தேதி. அத மாத்த நீ யாரு?” என்பார், யார் வாயைத் திறந்தாலும்.

அய்யா போய்ச் சேர்ந்து பதினேழு வருஷம். சொன்ன மாதத்தில் மழை பெய்த காலமும் அவரோடேயே போய்விட்டது. மகனுக்கு மட்டும் சேதி எட்டவில்லை. இரண்டு மகசூல் அடுத்தடுத்து, பழுத்த நேரத்தில் மழை அடித்துப் பழமெல்லாம் வெடித்து, குளவி மொய்த்து வீணானது. முதல் தடவை, ராக்கெட் விடுகிறவர்கள் மேல் பழியைப் போட்டார். அடுத்த தடவை, பக்கத்துத் தோட்டத்து ஒச்சாண்டியின் கொள்ளிக்கண். டி.வி.யில் மழை என்று சொன்னால், “அந்தப் பொம்பளைக்குச் சுருளிப்பட்டி எங்கன இருக்குன்னு தெரியுமா?” என்பார். டீக்கடையில் இதற்குத் தலையாட்டவும் நாலு பேர் இருந்தார்கள்.

இந்த மகசூலும் போனால் பந்தலைப் பிரித்துக் கல்தூண்களை விற்க வேண்டியதுதான். அது மனைவி சந்தனம்மாளுக்குத் தெரியும்.

“ஏங்க, பாதியவாச்சும் இருவது நாள் தள்ளி வெட்டுவோம். ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும்.”

“மழைக்குப் பயந்தவளுக்கு வெவசாயம் எதுக்கு?”

கார்த்திகை ஏழில் கத்திரி விழுந்தது. கிழக்கோரத்து எட்டு வரிசைக்கு மட்டும் சந்தனம்மாள் ஆள் விடவில்லை. தானே வெட்டிக்கொள்வதாகச் சொல்லி மார்கழி வரை இழுத்தடித்தாள். “ஆத்தா வேளாண்மைக் காலேசு நடத்துறா” என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார் அழகுமலை.

மாசிக் கடைசியில் மழை மூன்று நாள் விடாமல் கொட்டியது. தேதிப்படி பழுத்ததெல்லாம் தேதிப்படியே வெடித்தது. எட்டு வரிசையில் காய் பச்சையாய், கல்லாய் இருந்ததால் தப்பியது.

அது பழுத்ததும், கேரளத்துக்குப் பழம் ஏற்றும் வியாபாரி குருசாமி வந்தார். “கம்பம் பூராம் அழுகிக் கெடக்கு. இது எப்படித் தப்புச்சு?”

அழகுமலை ஒரு குலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். “முன்ன மாதிரியா மழை பெய்யுது? பாதியப் பிந்தி வெட்டணும்னு நாந்தேன் ரோசனை பண்ணுனேன். வெவசாயிக்குப் புத்தி வேணும்ல.”

சந்தனம்மாள் அவர் கையிலிருந்த குலையில் ஒரு பழத்தைக் கிள்ளி வாயில் போட்டாள். நிதானமாகச் சப்பினாள். தோலையும் கொட்டையையும் அவர் காலடியில் துப்பிவிட்டு, வியாபாரியிடம் விலை பேச உட்கார்ந்தாள்.