ஈயா, சைகையா

காதோரம் கையை விசிறுவாள். தொடையில் பளாரென்று அடிப்பாள். தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டுவாள். சாயங்காலம் கேரவன் பார்க்கில் மடக்கு நாற்காலி போட்டு, வந்து சேரும் வண்டிகளை வேடிக்கை பார்க்கும் எங்களுக்கு, நோலா செய்வதில் எது ஈ விரட்டுவது, எது வண்டிக்குக் காட்டும் சைகை என்று பிடிபட்டதே இல்லை. ஸ்டியரிங்கில் இருக்கும் அவள் புருஷன் கிளெம்முக்கு மட்டும் பிடிபடும். கண்ணாடியில் அவளைப் பார்த்தபடியே, வண்டியில் கோத்து இழுத்துவரும் சக்கர வீடான கேரவனைப் பின்னால் தள்ளி, இரண்டு தைலமரத்துக்கு நடுவே சொருகிவிடுவான்.

நோலா என் சித்தி மகள். என் அம்மாவோடு பிறந்தவர்கள் ஐந்து பெண்கள். அவள் அம்மா டால்சி கடைசி. டால்சி சித்தியும் கையால் பேசுகிறவள்தான். அவள் எத்தனை கிலோ கேட்டாள் என்று தெரியாமல் எங்கள் ஊர் டூவும்பாவின் கறிக்கடைக்காரர் முழிப்பார். நோலாவிடம் அந்தக் கை அப்படியே வந்திருக்கிறது.

கிளெம்மின் பழைய சட்டையைத்தான் போடுவாள். அவன் காலுறைகள் வேறு வேலைக்கு. முட்டைகளை அவற்றுக்குள் ஒவ்வொன்றாகத் திணித்து வைத்தால், எந்தச் சரளை ரோட்டிலும் உடையாது. காலையில் காலுறை தேடுகிறவனுக்கு முட்டை கிடைக்கும். எந்த ஊரில் நிற்கிறோம் என்ற கவலையும் அவளுக்குக் கிடையாது. கேட்டால், "நேத்து நின்ன ஊருக்கு அடுத்த ஊரு" என்பாள். என் சின்ன வேனில் அவர்கள் பின்னாலேயே போகும் எனக்கும் பாதி நாள் அதற்குமேல் தெரியாது. எங்கு பார்த்தாலும் சிவப்பு மண், கரையான் புற்று, வெயில்.

டூவும்பா வீட்டை விற்று வாங்கிய கேரவன் அது. வேறு வீடு அவர்களுக்கு இல்லை.

இந்த வருஷம் மழைக்கு முந்தைய புழுக்கம் சீக்கிரமே வந்துவிட்டது. மட்டரங்கா என்ற ஊரின் பார்க்கில், குழாயடியில் கிளெம் மயங்கி விழுந்தான். ஆறு மாதத்துக்கு ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று பக்கத்து டவுன் கேத்தரினில் பார்த்த டாக்டர் சொல்லிவிட்டார். பிரிஸ்பேனிலிருந்து மகன் கிராண்ட் விமானத்தில் வந்து இறங்கினான். கேரவனை இங்கேயே விற்றுவிட்டு இருவரையும் தன் வீட்டுப் பின்னறைக்குக் கூட்டிப்போவது அவன் எண்ணம். நான் ஓட்டுகிறேன் என்றாள் நோலா. நேர் ரோட்டில் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், பின்னால் எடுத்து நிறுத்திக் காட்டு, நிறுத்திவிட்டால் நான் பேசாமல் ஊருக்குப் போகிறேன் என்றான் அவன்.

பார்க்கில் இருந்த நாற்காலியெல்லாம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் ஒடித்தால் கேரவனின் பின்புறம் அந்தப் பக்கம் போகும். அதிலேயே நோலாவுக்குத் தலை சுற்றியது. பின்னால் நின்ற கிளெம் ஒழுங்கான மனிதன், ஒழுங்காகவே சைகை காட்டினான். ஒரு கை நீட்டினால் அந்தப் பக்கம், உள்ளங்கை காட்டினால் நில். எங்கள் எல்லாருக்கும் புரிந்தது. அவளுக்கு மட்டும் புரியவில்லை. வண்டி வளைந்தது, கேரவன் அதைவிட வளைந்தது, குழாய்க் கம்பத்தை உரசப் பார்த்தது. கிளெம் இரண்டு உள்ளங்கையையும் காட்டினான்.

நோலா ஜன்னலில் தலையை நீட்டினாள். "என்ன கிளெம், டாட்டா காட்றியா?"

யாரும் சிரிக்கவில்லை. அவள் முகம் மண்ணைவிடச் சிவந்திருந்தது. கிராண்ட் போய் ஜன்னலோரம் சாவிக்குக் கையை நீட்டினான். "போதும்மா. இறங்கு."

அவள் சாவியைத் திருகி இஞ்சினை அணைத்தாள்.

"இருடா," என்றான் கிளெம். "இன்னும் ஒரு தடவ. நோலா, கண்ணாடியப் பாரு."

அவள் இஞ்சினைக் கிளப்பினாள். வண்டி முன்னால் போய் மறுபடி பின்னால் வந்தது. கிளெம் காதோரம் கையை விசிறினான். ஈ என்றுதான் நாங்கள் நினைத்தோம். கேரவன் மெல்லத் திரும்பியது. தொடையில் அடித்தான், நேரே வந்தது. என் பக்கத்து நாற்காலிக்காரர் பீரை வாய்க்குக் கொண்டுபோகாமலே பிடித்திருந்தார். கிளெம் மறுபடி விசிறினான். அது நிஜ ஈ போலிருக்கிறது, நோலா ஸ்டியரிங்கை அசைக்கவே இல்லை. தொப்பியைக் கழற்றி மாட்டினான்.

இரண்டு மரத்துக்கும் நடுவே கேரவன் நின்றது.

நோலா இறங்கினாள், சாவியைச் சட்டைப்பையில் போட்டாள். அது ஈயென்று எப்படித் தெரிந்தது என்று கிராண்ட் கேட்டான். "ஈன்னா ஈதானே" என்றாள். பிறகு கிளெம் பக்கம் திரும்பி, மூக்குக்கு முன்னால் ஒருமுறை கையை ஆட்டினாள்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கிளெம் கேரவனுக்குள் போய், முட்டை முட்டையாய்ப் புடைத்த காலுறை ஒன்றைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தான்.