டோட்டல் லாஸ் ஆன எங்கள் சின்ன யானை

எங்கள் வீட்டுச் சின்ன யானை இனிமேல் பிழைக்காது என்று இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து சொன்னபோது நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். சின்ன யானை என்றால் சரக்கு ஏற்றும் மினி வேன். திருத்தணியில் அதை வேறு பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. பொதட்டூர்பேட்டையில் லுங்கி பண்டல்களை ஏற்றிக்கொண்டு நைனா அதில் சென்னைக்குப் போய்வருவார். எங்கள் சாப்பாடு, என் ஸ்கூல் ஃபீஸ், தெருவில் அம்மாவுக்கு இருந்த கெத்து எல்லாமே அந்த வண்டியிலிருந்துதான் வந்தன.

கனகம்மாசத்திரம் தாண்டியதும் முன்னால் போன லாரி சட்டென்று பிரேக் அடிக்க, நைனா ஸ்டியரிங்கை ஒடித்ததில் வண்டி புளியமரத்தில் மோதிப் பள்ளத்தில் சாய்ந்துவிட்டது. முன்பக்கம் முழுக்க அப்பளம். நைனா மட்டும் ஜன்னல் வழியாக வெளியே வந்து, ரோட்டோரம் உட்கார்ந்துகொண்டு அம்மாவுக்குப் போன் போட்டு, "பண்டலெல்லாம் நல்லா கீது" என்றாராம். அதோடு போனை வைத்துவிட்டாராம். நான் இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். மரத்தையே இடித்துவிட்டு எழுந்து வந்த அப்பா என் வகுப்பில் வேறு யாருக்கும் இல்லை.

சர்வேயர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்துவிட்டு, "டோட்டல் லாஸ்" என்றார். இனி இரண்டு வழிதான் என்று அம்மாவிடம் விளக்கினார். "மொத்தப் பணத்தையும் வாங்கிக்கினு வண்டிய எங்ககிட்ட வுட்டுடலாம். இல்லன்னா, ஒடஞ்ச வண்டிக்கு ஒரு வெல போட்டுக் கழிச்சிக்குவோம். வண்டியையும் மீதிப் பணத்தையும் நீங்க வெச்சிக்கலாம். அப்பால அதை ரெடி பண்றது உங்க பாடு."

இரண்டாவது வழியைக் கேட்டதும் மாமா எழுந்து நின்றுவிட்டார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. உலகத்தில் எந்த விஷயமானாலும் அவரிடம் ஒரு யோசனை சூடாக இருக்கும். நைனா பக்கம் திரும்பினார். "பாவா, அடிபட்ட வண்டிய திரும்ப வூட்டுக்கு இட்டாராதீங்க. ஒரு தபா மோதுனது மறுபடி மோதும். பேசாம துட்ட வாங்குங்க. ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு குடோன்ல சூப்பர்வைசர் வேல கீது, நான் சொல்லி வெச்சிக்கிறேன்."

நைனா தலையாட்டினார். அதுதான் அம்மாவைத் தூக்கிவாரிப் போட்டது. மழை வந்தால் இருக்கிற ஒரே தார்பாயை வண்டிக்குப் போர்த்திவிட்டுத் தான் நனைந்துகொண்டு வரும் மனுஷன் அவர். குடோனில் இன்னொருவருக்குக் கைகட்டி நிற்கப் போகிறேன் என்று தலையாட்டினால் யாருக்குத்தான் பயம் வராது? அம்மாவுக்கு வந்தது. எனக்கோ ஸ்ரீபெரும்புதூருக்குக் குடிபோனால் புது ஸ்கூல் பை கிடைக்கும் என்று ஒரு நப்பாசை.

அந்த நாட்களில் நைனா எங்கே போனாலும் பஸ்ஸில்தான் போனார். பக்கத்து வீட்டு அண்ணன் பைக் சாவியை நீட்டினால், கால் வலிக்கிறது என்று வேண்டாமென்றுவிடுவார். அதே கால்வலியோடு முருகன் மலைக்கோயில் படி முழுக்க ஏறி இறங்கி வருவதையும் நான் பார்த்தேன். பெரியவர்களுடைய கால்வலி அப்படித்தான் இருக்கும்போல என்று விட்டுவிட்டேன்.

அம்மா விடவில்லை. டிங்கர் வேலை செய்பவர் ஒருவரை அழைத்துக்கொண்டு வண்டி கிடந்த இடத்துக்கே போனாள். அவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "சேசிஸ் வளையலக்கா. இஞ்சினும் ஓகே. மூஞ்சிதான் பூடுச்சி, மாத்திக்கலாம்" என்றார். அம்மா இதை வீட்டில் வந்து சொன்னாள். மாமா மோதும் என்றார். அம்மா மோதாது என்றாள். நைனா இரண்டுக்கும் தலையாட்டினார். கடைசியில் மாமாதான், முருகனையே கேட்டுவிடலாம் என்று முடித்தார்.

எங்கள் பக்கத்தில் எதிலும் முடிவு வராவிட்டால் பூக் கட்டிப் பார்ப்பது வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. சாமி முன்னால் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாத ஒரு பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். ஒன்றும் தெரியாத பிள்ளை எங்கள் வீட்டில் நான்தான். தெருக்கோடி முருகன் கோயிலில், நந்தியாவட்டையையும் செவ்வரளியையும் மாமாவே பேப்பரில் மடித்து, குலுக்கிப் போட்டார். நான் கண்ணை மூடி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பூசாரி பிரித்தார். செவ்வரளி.

"பாத்தியாக்கா? வேணாம்னுட்டான் முருகன்!" என்று மாமா கையைத் தட்டினார்.

"எவன்டா சொன்னது?" என்றாள் அம்மா. "செவப்பு வந்துகீது. முருகனுக்குச் செவப்புதானே உசுரு? வண்டிய வெச்சிக்கோன்றான்."

ஊர் உலகத்தில் வெள்ளைதான் நல்ல பூ என்று மாமா சத்தம் போட, அது ஊர் உலகத்துக்கு, இது திருத்தணி என்று அம்மா அதைவிடச் சத்தம் போட்டாள். அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. எந்தப் பூ வந்தால் என்ன அர்த்தம் என்று பொட்டலம் கட்டும் முன்பே சொல்லிவைக்க வேண்டும். அவசரத்தில் யாரும் சொல்லவில்லை. பூசாரியைக் கேட்டார்கள். இரண்டு பேர் காசும் அவர் தட்டில்தான் விழ வேண்டும். "அவனுக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க" என்று நழுவிவிட்டார்.

"நீங்க சொல்லுங்க" என்று அம்மா நைனா பக்கம் திரும்பினாள்.

நைனா அந்த அரளியைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, "வண்டிய வெச்சிக்கினா மட்டும் யாரு ஓட்றது?" என்றார், மெல்ல.

"நான் ஓட்றேன்" என்றாள் அம்மா.

மாமா சிரித்த சிரிப்பில் பூசாரியே திரும்பிப் பார்த்தார். மறுநாளே அம்மா, வண்டியை நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்று சர்வேயரிடம் சொல்லிவிட்டு, டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். டிங்கர் கடையில் வண்டிக்குப் புது மூஞ்சி வைத்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த மாதங்களில், எல் போர்டு மாட்டிய ஒரு பழைய காரில் அம்மா பஜார் தெருவை அடைத்துக்கொண்டு போனாள். டீக்கடையில் நின்றவர்கள் ஒதுங்கி ஓடுவதுபோல் நடித்துக் காட்டினார்கள். அவள் ஹாரன் அடித்துக்கொண்டே போனாள். லைசென்ஸும் வாங்கிவிட்டாள்.

வண்டி தயாரானதும் வழக்கப்படி மலைக்குப் பூஜை போட எடுத்துப் போனோம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, மல்லிகை மாலை ஆட, அம்மா ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். நடுவில் நான், ஓரத்தில் நைனா. மலைச் சாலையில் வளைவுக்கு வளைவு அவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். நான் பயப்படுவேன் என்றுதான் பிடிக்கிறார் என நினைத்து, "எனக்கு பயமில்ல நைனா" என்று தைரியம் சொன்னேன். மேலே போய் வண்டி நின்றதும் நான் போட்ட அரோகராவில் பூக்கடைக்காரம்மா திட்டினாள். பைக்கில் பின்னாலேயே வந்த மாமாகூட, "அக்கா, கலக்கிட்ட போ!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அந்த மலையில் அன்றைக்கு எங்களைவிடச் சந்தோஷமான ஆட்கள் யாரும் இருந்திருக்க முடியாது.

அர்ச்சகர் வண்டி நெற்றியில் சந்தனம் வைத்து, தேங்காய் உடைத்து, சாவியைத் தட்டில் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். அம்மா அதை எடுத்து நைனாவிடம் நீட்டினாள்.

"எனக்கு ஏத்ததான் தெரியும். எறக்கத் தெரியாது. அதை டிரைவிங் ஸ்கூல்ல சொல்லித் தரல. நீங்களே எறக்கிடுங்க."

நைனா சாவியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பேண்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். முதல் வளைவில் வண்டி ஊர்ந்தது. இரண்டாவதில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடிவாரம் வருவதற்குள் ஒரு கையை ஜன்னலில் போட்டுக்கொண்டு, எதிரே வந்த பஸ் டிரைவருக்கு லைட் அடித்துச் சிரித்தார். அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். மறுநாள் காலையில் வண்டி பொதட்டூர்பேட்டைக்குக் கிளம்பியது. ஸ்ரீபெரும்புதூர் பேச்சு அதோடு ஒழிந்தது. எனக்குத்தான் ஒரே குறை. பணம் வாங்கிக்கொண்டு பாதி மட்டும் சொல்லித் தரும் டிரைவிங் ஸ்கூலை நாலு வார்த்தை கேட்க வேண்டாமா?

அடுத்த கிருத்திகைக்கு அம்மா தெருப் பெண்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனாள். போனவள் தானே ஓட்டிக்கொண்டு, வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தபடி இறங்கியும் வந்தாள். நான் அசந்துபோய் நைனாவிடம் ஓடினேன்.

"நைனா, அம்மா எறங்கறதுக்கும் கத்துக்கினு வந்துட்டா!"

நைனா என் தலையில் தட்டிவிட்டுச் சிரித்தார்.

"ஆங்" என்றார். "உங்கம்மா சீக்கிரம் கத்துக்குவா."